கூத்தாண்டவர் பெட்டி: பழைய படங்களையும் கடிதங்களையும் பட்டியலில் எப்படி எழுதுவது?

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு சின்னத் தனியார் நூலகத்தில் பழைய ஆவணங்களைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலை பார்க்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் நெடுநாள் நடந்து மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ், பிரிண்ட் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்தார் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் என்று முக்கால்வாசி எந்த ஸ்டுடியோவிலும் இருப்பதுதான். ஒரு தகரப் பெட்டி மட்டும் வேறு மாதிரி. மூடியில் 'கூத்தாண்டவர்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. உள்ளே கூவாகம், கொத்தட்டை, பிள்ளையார்குப்பம் திருவிழாக்களில் எடுத்த படங்கள், திருநங்கைகள் ஸ்டுடியோவுக்கே வந்து திரைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள், ஒரு கட்டுக் கடிதம், எய்ட்ஸ் தடுப்புத் துண்டறிக்கைகள், செய்தித்தாள் நறுக்குகள்.

கவர்களின் மேல் ஸ்டுடியோக்காரர் பென்சிலில் குறித்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கை ஓடவில்லை. சிலதில் 'அலி செட்'. சிலதில் 'அரவாணி'. சிலதில் ஒரு பெண் பெயர், பக்கத்தில் ஊர். ஒரு கவரில் ஆண் பெயர் ஒன்றை எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே நீல மையில் பெண் பெயர் எழுதியிருக்கிறார். ரசீது எண் மாறவில்லை. படம் வாங்க வந்தவர் தன் பெயரைச் சொல்லி மாற்றச் சொல்லியிருக்கலாம், ஸ்டுடியோக்காரரும் மாற்றியிருக்கலாம்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவரில் இருப்பதை அழிக்கவோ திருத்தவோ கூடாது. ஆனால் நூலகத்தின் வாயால் 'அலி' என்று திரும்பச் சொல்லவும் கூடாது. கவர் சொல்வது எது, நாங்கள் சொல்வது எது என்று படிக்கிறவருக்குப் பிரிந்து தெரிய வேண்டும். தலைப்பில் என்ன போடுவது, பெயர்களை என்ன செய்வது, எதை இணையத்தில் வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


உப்பனாறு எழுதியது:

தம்பி, இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதிவிட்டுப் போங்கள். கவரில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைப்பு. எனக்குத் தெரியவே இந்த மக்களைக் குறிக்கும் சொல் நாலு தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருந்தால் அது ஆவணமா? நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு அந்தக் காலத்தில் ஊர் எப்படிப் பேசியது என்று தெரிய வேண்டாமா? மரியாதைக்காக வரலாற்றை மெழுகிவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை. இவர்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை.


பதிவறை_ஓய்வு எழுதியது:

உப்பனாறு சாரின் கவலை நியாயமானது. கலெக்டர் அலுவலகப் பதிவறையில் வேலை செய்த காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கட்டின் மேல் எழுதியிருக்கும் தலைப்பில் கை வைக்காதே என்பதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டின் தலைப்பு வேறு, தேடுவதற்காக நாம் எழுதும் அட்டவணை வேறு. கட்டு எழுதினவருடையது, அட்டவணை நம்முடையது. கெடிலக்கரை சொல்வதும் இதைத்தான்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் போதாது, மாவட்டம் இங்கே பலமுறை உடைந்திருக்கிறது. 1993 செப்டம்பர் வரைக்கும் கூவாகம் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். அப்புறம் விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். அதனால் 1993க்கு முந்தைய திருவிழா பந்தோபஸ்து, சுகாதாரம், கடை ஏலம் சம்பந்தமான அரசுக் காகிதம் எதையும் ஒருவர் தேட வேண்டுமென்றால் தென்னாற்காடு என்ற பெயரில்தான் தேட வேண்டும். இன்றைக்கு ஒரு பிள்ளை 'கள்ளக்குறிச்சி' என்று தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பிப் போய்விடும். படம் எடுத்த காலத்து மாவட்டம், இன்றைய மாவட்டம் இரண்டையும் போடுங்கள். திருநங்கைகளின் வரலாறு கண்ணில் படாமல் போவதற்குக் கெட்ட சொல் மட்டும் காரணமில்லை, இப்படிப்பட்ட சாதாரண விஷயங்களும் காரணம்.


குயில்தோப்பு எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். நூலக அறிவியல் படித்தவள், இப்போது ஆவணப் பட்டியல் வேலையில் இருக்கிறேன்.

கெடிலக்கரை கேட்டதற்கு விதிமுறையிலேயே இடம் இருக்கிறது. சர்வதேச ஆவணக் காப்பகக் குழுமத்தின் ஐஎஸ்ஏடி-ஜி என்ற விவரிப்பு நெறி, ஆவணத்திலேயே இருக்கும் தலைப்பையும் காப்பகத்தார் சூட்டும் தலைப்பையும் வேறுபடுத்துகிறது. கடைசிப் பகுதியில் மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறது: விவரித்தவர் யார், எந்த விதியைப் பின்பற்றினார், எந்தத் தேதியில் எழுதினார். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் பெட்டிக்கு இவைதான் மிக முக்கியம். 'இந்தக் குறிப்பை இன்ன வருஷம் இன்னார் எழுதினார், இன்னின்னாரிடம் கேட்டு எழுதினார்' என்று இருந்தால், நாளைக்குச் சொல் மாறும்போது பழைய குறிப்பை அழிக்காமல் அடியில் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகலாம். உப்பனாறு ஐயா பயப்படும் மெழுகுதல் நடக்காது. பட்டியலுக்கும் தன் வரலாறு இருக்கும்.

அதோடு, பழைய சொல்லை அப்படியே விடுவதுதான் நடுநிலை என்று நினைக்க வேண்டாம் ஐயா. நூலகப் பட்டியல் என்றைக்குமே நடுநிலையாக இருந்ததில்லை. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசம வகைப்பாட்டின் 1932 பதிப்பில் தன்பாலீர்ப்புக்கு ஒதுக்கிய இடம் 132, அதாவது மனக்கோளாறுகளுக்கு உரிய எண். இன்றைக்கு 306.76இல், சமூகவியலில் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் தன்பாலீர்ப்பைப் 'பாலியல் வக்கிரம்' என்ற தலைப்போடு இணைத்துக் கைகாட்டியிருந்தார்கள். சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் 1971இல் இதையெல்லாம் எடுத்துப் போட்டுக் கண்டித்தார், அப்புறம்தான் மாறத் தொடங்கியது. அட்டையில் அந்த வரியைத் தட்டச்சு செய்த பணியாளரும் இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதியதாகத்தான் நினைத்திருப்பார்.

பாலினம், பாலீர்ப்பு சார்ந்த பொருள் தலைப்புகளுக்கென்றே ஹோமோசாரஸ் என்ற சொற்களஞ்சியம் இருக்கிறது. 1997இல் நெதர்லாந்தில் தொடங்கியது, இப்போது இணையத்தில் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அது நம் ஊரை மனத்தில் வைத்து எழுந்ததில்லை. கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வது அதில் எங்கே போய் உட்காரும்? தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் திருநரையும் தன்பாலீர்ப்பாளரையும் எப்படிக் குறிப்பிடுவது என்று அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தன்பாலீர்ப்புள்ள இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு 2021இல் வந்த சுஷ்மா வழக்கைத் தொடர்ந்து வந்தது அது. பொருள் தலைப்புகளுக்கு அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியை அது கட்டுப்படுத்தாது என்றாலும் நாங்களும் அதைத்தான் பார்க்கிறோம்.


தேவனாம்பட்டினம் எழுதியது:

நான் திருநங்கை. இந்தப் படங்களில் இருக்கிறவர்களில் சிலர் என் குருவின் தலைமுறையாக இருக்கலாம். நீங்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசுவது சந்தோஷமாக இருக்கிறது, அதனால் நானும் மனம் விட்டுச் சொல்கிறேன்.

கெடிலக்கரை அண்ணா, 'அரவாணி' என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் 'திருநங்கை' என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 'அலி' என்று ஊர் கூப்பிட்ட காலத்தில் 'நாங்கள் அரவாணி, அரவானின் மனைவிகள்' என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள். என் குருவின் குருவான எங்கள் நானி கடைசி வரை அப்படித்தான் சொன்னார். இன்றைக்கு என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். அவர் தன்னைச் சொன்ன சொல்லை அவரிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை இல்லை.

அடித்துவிட்டு எழுதிய பெயரைப் பற்றிப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. அந்த நாளில் புடவை கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, ஒருத்தரும் திட்டாமல் நிற்க முடிந்த இடம் ரொம்பக் குறைவு. அந்த ஸ்டுடியோக்காரர் கேட்டதும் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார். அதைவிட வேறு என்ன வேண்டும்? தேடினால் அந்தப் பெண் பெயர்தான் வர வேண்டும். அடித்த பெயர் கவரில் இருக்கட்டும், யாரும் சுரண்டி எடுக்க வேண்டாம். பட்டியலில் மட்டும் அதைத் தட்டச்சு செய்யாதீர்கள். 'முன்பு எழுதிய பெயர் ஒன்று அடிக்கப்பட்டுள்ளது' என்று போட்டால் போதாதா?

எங்களில் சிலர் இறந்தபோது வீட்டார் வந்து உடலை எடுத்துப்போய், வேட்டி கட்டி, ஆண் பெயர் போட்டுக் காரியம் செய்திருக்கிறார்கள். ஜமாத்தில், அதாவது சேர்ந்து வாழும் எங்கள் கூட்டத்தில், இருந்த யாரையும் பக்கத்தில் விடவில்லை. அப்படிப் போனவர் கடலூரில் இன்ன பெயரோடு வாழ்ந்தார் என்பதற்கு இந்த மாதிரி ஒரு கவர்தான் மிச்சம்.

இன்னொன்று. உடம்பைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஆராய்ச்சிக்கு வருகிற சிலர் கேட்கிற முதல் கேள்வியே ஆபரேஷன் ஆனவரா ஆகாதவரா என்பதுதான். படத்தைப் பார்த்து அதை ஊகித்து எழுதுவது அசிங்கம்.


பம்பை_உடுக்கை எழுதியது:

விழுப்புரம் பக்கம் தெருக்கூத்துக் குடும்பம் எங்களுடையது. இந்த இழையைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. பெட்டியில் இருக்கும் எல்லோரையும் திருநங்கை என்று எழுதிவிடாதீர்கள்.

கூத்தாண்டவர் திருவிழாவில் தாலி கட்டிக்கொள்கிறவர்களில் வேண்டுதல் செய்துகொண்ட சுற்றுவட்டார ஆண்களும் உண்டு, சின்னப் பையன்களும் உண்டு. உடம்பு சரியானால் தாலி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்திருப்பார்கள், மறுநாள் அறுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் கூத்தில் திரௌபதி, சுபத்திரை கட்டுகிற ஆண் கலைஞர்கள். எங்கள் பெரியப்பா பல வருஷம் பெண் வேஷம் கட்டினவர். அவரும் இதே மாதிரி ஸ்டுடியோவில் முழு ஒப்பனையோடு படம் எடுத்து வீட்டில் மாட்டியிருந்தார். எங்கள் பெரியம்மாவும் அதைப் பெருமையாகக் காட்டுவார். இந்த மூன்று பேரும் படத்தில் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். கூத்துக்காரரிலும் திருநங்கைகள் உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. கிரீடம், புஜகீர்த்தி, மரக்கட்டை ஆபரணம் இருந்தால் கூத்து என்று அடையாளம் சொல்லலாம். ஸ்கேன் செய்து அனுப்பினால் எங்கள் செட்டில் இருக்கும் பெரியவர்களிடம் காட்டுகிறேன்.


உப்பனாறு எழுதியது:

பம்பை_உடுக்கை சொல்வது சரி. என் சந்தேகமும் அங்கேயேதான் நிற்கிறது. தெரியாது என்றால் 'பெண் உடையில் ஒருவர்' என்று எழுதுங்கள் என்பீர்கள். சரி. எல்லாவற்றையும் இப்படி 'ஒருவர், ஒருவர்' என்று எழுதினால் திருநங்கை வரலாற்றைத் தேடி வருகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? பெயர் வைக்காமல் விட்டால் மறைக்கிறோம். வைத்தால் நாம் முத்திரை குத்துகிறோம். இரண்டில் எது?


கெடிலக்கரை எழுதியது:

ஐயா கேட்டதுதான் என்னையும் ரொம்ப யோசிக்க வைக்கிறது. ஒரு படத்தைச் சொல்கிறேன். இரண்டு பெண்கள், இருவருக்கும் இருபதைத் தாண்டியிருக்கும். ஒரே மாதிரிச் சுங்கடிப் புடவை. ஒருவர் நாற்காலியில், இன்னொருவர் கைப்பிடியில் உட்கார்ந்து தோளில் கை போட்டிருக்கிறார். பின்னால் ஸ்டுடியோவின் வழக்கமான மாடிப்படித் திரை. கவரில் பெயர் இல்லை, 'ரெண்டு காப்பி, தனித்தனிக் கவர்' என்று மட்டும் இருக்கிறது. அக்கா தங்கையாக இருக்கலாம், தோழிகளாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தோழிகள் சேர்ந்து இப்படிப் படம் எடுப்பது சாதாரணம், இதே ஸ்டுடியோவின் மற்றப் பெட்டிகளில் அப்படி நிறைய இருக்கிறது. ஆனால் ஸ்டுடியோக்காரர் இதை அந்தப் பெட்டிகளில் வைக்கவில்லை. கூத்தாண்டவர் பெட்டியில் வைத்திருக்கிறார். ஏன்?


பெயர்_வேண்டாம் எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் பெண்ணை நேசிக்கிற பெண். கல்லூரியில் படிக்கும்போது எனக்கு முன்னால் இந்த ஊரில் என்னைப் போல் யாராவது இருந்திருக்கிறார்களா என்று பழைய தமிழ்ச் செய்தித்தாள் நறுக்குகளில் தேடினேன். கிடைத்தவை பெரும்பாலும் சேர்ந்து விஷம் குடித்த இரண்டு பெண்களைப் பற்றிய செய்திகள்தான். நறுக்குகளைத் தொகுத்தவர்கள் அவற்றை 'தற்கொலை' என்றோ 'விநோதம்' என்றோ உள்ள கோப்பில் போட்டிருந்தார்கள். 'இணைபிரியாத் தோழிகள்' என்று செய்தியே சொல்லும். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

அந்தப் படத்துக்கு 'லெஸ்பியன் ஜோடி' என்று எழுத வேண்டாம், நமக்குத் தெரியாது. 'சகோதரிகள்' என்றும் எழுத வேண்டாம், அதுவும் தெரியாது. ஆனால் அந்தப் படம் என் கண்ணில் படும்படி ஏதாவது செய்யுங்கள். உயிரோடு, புடவை கட்டி, காசு கொடுத்து, ஆளுக்கொரு காப்பி வாங்கிப்போன இரண்டு பெண்களை நான் பார்க்க வேண்டும்.


குயில்தோப்பு எழுதியது:

பெயர்_வேண்டாம், நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்களுக்கும் உப்பனாறு ஐயாவுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அடையாளச் சொல்லை ஆள் மேல் ஒட்டாமல் பெட்டி மேல் ஒட்டலாம். பெட்டி முழுவதற்கும் எழுதும் விவரிப்பில் 'திருநர், பால்புதுமையர் வரலாறு' (டிரான்ஸ், குயர் மக்களின் வரலாறு) என்ற பொருள் தலைப்பைத் தாராளமாகப் போடுங்கள். அந்தப் பெட்டி அந்த வரலாற்றுக்கு முக்கியம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேடுகிறவர் அந்த வழியாகப் பெட்டிக்கு வந்து சேர்வார். ஒவ்வொரு படத்துக்கும் எழுதும் வரியில், தாமே சொன்னவர்களுக்கும் கவரில் ஆதாரம் உள்ளவர்களுக்கும் மட்டும் அடையாளம். மற்றப் படங்களில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்.

இரண்டு பெண்கள் படத்துக்கு இப்படி எழுதுவேன்: 'இரு பெண்கள், ஒரே மாதிரிச் சேலையில். உறவு தெரியவில்லை. படம் எடுத்தவர் இதைக் கூத்தாண்டவர் பெட்டியில் வைத்திருந்தார்.' அவர் எங்கே வைத்தார் என்பது ஊகமில்லை, நடந்தது. ஆவணங்களை வந்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவது இதற்குத்தான். யாராவது ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் குடும்பப் படங்களோடு சேர்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஸ்டுடியோப் படங்கள் என்பதால் இன்னொரு தகவல். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தோடு சேர்ந்து தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறது. நெகட்டிவைக் கையாள்வது, கவரில் எழுதியிருப்பதைச் சேர்த்து ஸ்கேன் செய்வது போன்ற விஷயங்களுக்கு அவர்கள் வேலையைப் பாருங்கள். பால்புதுமையர் ஆவணங்களுக்கென்றே பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் குவாம்ரா என்ற காப்பகம் இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம்.


கோரிமேடு_வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கம் கொஞ்சம்.

முதலில் யாருடைய படம் என்பது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் படத்தின் முதல் உரிமையாளர், ஸ்டுடியோக்காரர் இல்லை. ஆக அந்தக் குடும்பம் உங்களிடம் பெட்டியைக் கொடுத்ததாலேயே, ஸ்டுடியோவுக்கு வந்து எடுத்துக்கொண்ட படங்களை வெளியிடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. திருநங்கைகள் தங்கள் காசில் எடுத்த படம் அவர்களுடையது. திருவிழாவில் ஸ்டுடியோக்காரர் தாமாக எடுத்தவை வேறு.

அடுத்தது அந்தரங்கம். உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு பாலீர்ப்பை அந்தரங்க உரிமைக்குள் வைத்தே பேசியது. 2014 நால்சா தீர்ப்பு தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று வந்த நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைச் சுருக்கியது. ஆனால் தீர்ப்பு வந்ததால் எல்லா வீடும் மாறிவிடவில்லை. இங்கே தெரிந்த ஒருவர், இளமையில் ஜமாத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அவருடைய பழைய படம் ஒன்றை ஒரு பத்திரிகை கேட்காமல் போட்டது. அதன் பிறகு அவர் வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அதனால் பட்டியலை இணையத்தில் வையுங்கள், படத்தை நூலகத்துக்குள் வையுங்கள். கேட்டு வருகிறவருக்குக் காட்டும்போது ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கடிதங்களை இன்னும் இறுக்கமாக வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். கடலூரில் 1862 முதல் இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டம், அதில் 377. இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம் வடக்கே புதுச்சேரிக்கு வந்தால் அந்நாளில் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம். பிரான்சில் அந்தக் குற்றத்தை 1791லேயே எடுத்துவிட்டார்கள். புதுச்சேரிக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது 1962 சட்டபூர்வ இணைப்புக்குப் பிறகுதான். கடலூர்க் கோர்ட்டுக் காகிதத்தில் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்ற தலைப்பில் இருக்கக்கூடிய மனிதர்கள் புதுச்சேரிக் காகிதத்தில் அப்படி இருக்க மாட்டார்கள். பொது ஒழுக்கத்துக்குப் பங்கம் என்ற தலைப்பில் தேட வேண்டும். அதிலும் ஒரு பகுதி இங்கே புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் மையத்தில், இன்னொரு பகுதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில். ஆகவே பழைய சட்டத் தலைப்புகளை அட்டவணையிலிருந்து ஒரேயடியாக நீக்கிவிட வேண்டாம். தேடுவதற்கு அவை வேண்டும். அதே நேரத்தில், குற்றம் என்று எழுதியது காவல் துறை, நாம் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.


கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நூலகத்தில் பேசிவிட்டுப் பெட்டிக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

நூலகம் சூட்டிய தலைப்பு: கூத்தாண்டவர் திருவிழாப் படங்கள், திருநங்கையர் ஸ்டுடியோப் படங்கள், கடிதங்கள், துண்டறிக்கைகள்.

பெட்டியில் உள்ள தலைப்பு: 'கூத்தாண்டவர்'.

உள்ளடக்கம்: கடலூர் ஸ்டுடியோ ஒன்றின் உரிமையாளர் தனியாகச் சேர்த்து வைத்தவை. திருநங்கையர், வேண்டுதலுக்காகத் தாலி கட்டிய ஆண்கள், தெருக்கூத்துக் கலைஞர்கள், அடையாளம் தெரியாத பிறர் ஆகியோரின் படங்கள். வரிசை மாற்றப்படவில்லை.

கவர்களில் உள்ள சொற்கள்: ஸ்டுடியோக்காரர் எழுதியவை மேற்கோள் குறிக்குள் அப்படியே தரப்பட்டுள்ளன. அவற்றில் சில இழிவானவை. 'அரவாணி' என்பது அக்காலத்தில் பலர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் என்பதால் அது இழிசொல்லாகக் கருதப்படவில்லை. துண்டறிக்கைகளில் வரும் 'கோத்தி' (பெண்தன்மையுள்ள ஆண்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர்) போன்ற சொற்களும் அவ்வாறே.

பெயர்கள்: படத்தில் உள்ளவர் பயன்படுத்திய பெயர் நூலகத்தில் உள்ள பட்டியலில் மட்டும். அடிக்கப்பட்ட பெயர்கள் பட்டியலில் தரப்படவில்லை.

பார்வையிட: பெயர்கள் இல்லாத பட்டியல் இணையத்தில். படங்கள் நூலகத்தில் மட்டும். கடிதங்கள் இப்போதைக்கு மூடப்பட்டுள்ளன.

விவரித்தவர், தேதி, யாரிடம் கேட்டு எழுதியது என்பதைக் கடைசியில் சேர்க்கிறேன். கேட்டவர்கள் விரும்பினால் மட்டும் அவர்கள் பெயர் வரும்.


தேவனாம்பட்டினம் எழுதியது:

நன்றாக இருக்கிறது அண்ணா. இரண்டு திருத்தம். 'அடையாளம் தெரியாத பிறர்' என்று இருப்பதை 'நாங்கள் அறியாத பிறர்' என்று மாற்றுங்கள். அவர்களுக்கு அவர்களைத் தெரியும். அடுத்தது, கடிதங்கள் மூடப்பட்டுள்ளன என்று மட்டும் போட்டால் யார் திறப்பார்கள் என்ற கேள்வி வரும். எழுதினவரோ, அவர் குருவோ சேலாவோ (சீடரோ) வந்து கேட்டால் காட்டலாம் என்று சேருங்கள். ரத்த உறவு மட்டும் வாரிசு என்று வைத்துவிட்டால், உயிரோடு இருந்தபோது வீட்டை விட்டுத் துரத்தினவர்கள் கையிலேயே கடிதம் போய்ச் சேரும். சேலாக்கள் வெளியே நிற்பார்கள்.

மூத்தவர்கள் மூன்று நாலு பேரை நான் அழைத்து வருகிறேன். உட்கார நாற்காலி, ஒரு நல்ல விளக்கு இருந்தால் போதும். படத்தைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவீர்களா? கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டாதீர்கள்.


கெடிலக்கரை எழுதியது:

இரண்டையும் மாற்றிவிட்டேன் அக்கா. வாரிசு பற்றிய வரி நூலகக் குழுவில் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும், நானே எடுத்துப் பேசுகிறேன். பிரிண்ட்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், கையுறை நான் தருகிறேன், அதைப் போட்டுக்கொண்டு ஓரத்தைப் பிடித்தால் போதும். நெகட்டிவ்களை மட்டும் நான் எடுத்துக் காட்டுகிறேன். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.


உப்பனாறு எழுதியது:

வரைவைப் படித்தேன். கவரில் உள்ள சொல் மேற்கோளில் அப்படியே இருக்கிறது, எனக்கு அது போதும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று போடுவது நல்ல ஏற்பாடு. பெயர்_வேண்டாம் எழுதியதைப் படித்த பிறகு 'பெட்டி மேல் ஒட்டுவது' என்ற யோசனையும் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒன்று கேட்கிறேன். தேடுகிற பெட்டியில் 'அலி' என்று ஒருவர் தட்டினால் வருமா? வயதானவர்களுக்கு வேறு சொல் தெரியாது.


குயில்தோப்பு எழுதியது:

வரும்படி செய்யலாம் ஐயா. பழைய சொற்களைத் திரையில் காட்டாமல், தேடலுக்கு மட்டும் இணைப்பாகக் கொடுத்துவிட்டால், எதைத் தட்டினாலும் அதே பெட்டிக்கு வந்துவிடும். வந்து சேர்ந்த பக்கத்தில் இன்றைய சொல் இருக்கும். அதே மாதிரி 'கூவாகம், கூவகம்', 'அரவான், அரவாண்', 'கோவில், கோயில்' எல்லாவற்றையும் சேருங்கள். தமிழில் தேடல் தோற்றுப்போவது பாதி எழுத்து வேறுபாட்டால்தான்.


பதிவறை_ஓய்வு எழுதியது:

எழுத்து வேறுபாடு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். புதுச்சேரிப் பகுதியில் பிள்ளையார்குப்பம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. எந்தக் கொம்யூன் (பஞ்சாயத்து வட்டாரம்) என்று போடாவிட்டால் குழப்பம் வரும். படத்தில் கோயில் கோபுரமோ கடைப் பெயர்ப் பலகையோ தெரிந்தால் ஸ்கேனைப் பெரிதாக்கி இங்கே கேளுங்கள். திருவிழாக் கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகங்களை மறைத்துவிட்டுப் பலகையை மட்டும் வெட்டிப் போடுங்கள்.